தன்னைப் பற்றி எழுதும் இயந்திரம்: நிகழ்வுப் பதிவேட்டின் வரலாற்றை முன்வைத்து

1

கணிப்பொறியில் நாம் எழுதுகிறோம். கடிதம், கணக்கு, கவிதை, தீர்ப்பு எல்லாம் இப்போது அதில்தான். நாம் எழுதாத நேரத்திலும் அது தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தன்னைப் பற்றி, தனக்குள் நடப்பதைப் பற்றி, தன்னைத் தொட்டவர்களைப் பற்றி எழுதுகிறது. விண்டோஸ் ஓடும் எந்த இயந்திரத்திலும் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு கருவி இருக்கிறது. தேடுபெட்டியில் பெயரைத் தட்டினால் திறந்துகொள்ளும். இயந்திரம் நேற்றிரவு எத்தனை மணிக்கு நின்றது, எந்தச் சேவை கிளம்ப மறுத்தது, பதியச் சொல்லியிருந்தால் எந்தப் பெயரில் எத்தனை தடவை தப்பான கடவுச்சொல் தரப்பட்டது என்று வரிசையாக, நேரத்தோடு கிடக்கும். லினக்ஸில் இதற்கு 'ஜர்னல்' என்றும் 'சிஸ்லாக்' என்றும் பெயர். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்.

இதைப் பற்றிக் கையேடுகள் ஏராளம். திற, வடிகட்டு, சேமி, துடை என்று நான்கு ஏவல் வினைகளில் அவை விஷயத்தை முடித்துவிடுகின்றன. குழாய் ரிப்பேர் மாதிரி. தமிழ் படித்த ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்த நான்கு வினைகளுக்கும் எழுவாய் யார்? யார் திறக்கலாம், யாருக்குத் திறக்காது? எது வேண்டும் எது வேண்டாம் என்று வடிகட்டுவது யார்? சேமிக்கும் பொறுப்பு யாருடையது? துடைக்கிற கை யாருடைய கை? நிகழ்வுப் பதிவேட்டை ஒரு கருவியாக மட்டும் பார்க்காமல் ஓர் எழுத்து வகையாகப் பார்த்தால் இந்தக் கேள்விகள் எழாமல் இருக்காது.

1975இல் வெளிவந்த சிறைச்சாலை பற்றிய நூலில், பள்ளி, மருத்துவமனை, படைமுகாம் ஆகியவற்றில் மனிதர்களைச் சுற்றி எழுத்தாலான வலை பின்னப்பட்ட விதத்தை ஃபூக்கோ விவரித்தார். 1995இல் வந்த ஆவணக் காப்பகம் பற்றிய நூலில், அந்தச் சொல்லின் கிரேக்க வேரில் தொடக்கமும் கட்டளையும் ஒருசேர இருப்பதைத் தெரிதா சுட்டினார். இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிவிட்டு 'அதிகாரம்' என்று ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுவது நம் பத்திரிகைகளில் பழகிப்போன ஒன்று. அது போதாது. இந்த எழுத்து எப்படி எழுதப்படுகிறது, எங்கே வைக்கப்படுகிறது, எப்போது அழிகிறது என்ற பொறியமைப்புக்குள் போனால்தான் அதிகாரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

2

'லாக்' என்றால் கட்டை. வெறும் மரக்கட்டை. கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்க, முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிப் பின்புறமாகக் கடலில் வீசுவார்கள். மணல் கடிகாரம் ஒன்று ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு நழுவின என்று எண்ணுவார்கள். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு என்ற அலகில் சொல்வது இதனால்தான். ஆங்கிலேயரான வில்லியம் போர்ன் 1574இல் எழுதிய கடலோடிகளுக்கான நூலிலேயே இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. கட்டை தந்த எண்ணை எழுதிவைத்த ஏடு கட்டையின் பெயரையே எடுத்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, எழுத்து இரண்டு இடங்களில் நடந்தது. மணிக்கு மணி வேகம், திசை, காற்று ஆகியவற்றைச் சாக்கட்டியால் ஒரு பலகையில் எழுதினார்கள். நாளுக்கு ஒருமுறை அதை ஏட்டில் பெயர்த்து எழுதிவிட்டுப் பலகையைத் துடைத்தார்கள். அடுத்த நாள் அதே பலகை. பலகையில் இருந்து ஏட்டுக்குப் போனது மட்டுமே நடந்ததாக ஆயிற்று. போகாதது உப்புத் தண்ணீரில் கரைந்தது. பிற்காலக் கணிப்பொறிகளின் தற்காலிக நினைவகத்தையும் வட்டச் சுற்றாக எழுதி அழிக்கும் கோப்பையும் புரிந்துகொள்ள இந்தப் பலகையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

இந்த ஏடு தலைவனின் சொந்த நாட்குறிப்பும் அல்ல. பிரிட்டிஷ் கடற்படையில் ஏட்டை மேலிடத்தில் ஒப்படைத்தால்தான் தலைவனுக்குச் சம்பளம். மாலுமிக்கு எத்தனை சவுக்கடி என்பதும் அதில் பதிவாயிற்று. அடி வாங்கியவன் அதில் எழுத முடியாது. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் ஏடுகள் லண்டனில் கம்பெனி அலுவலகத்துக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூற்றாண்டுகளின் கடல்மேல் காற்றையும் பருவநிலையையும் கணிக்க விஞ்ஞானிகள் இப்போது இத்தகைய ஏடுகளைப் படிக்கிறார்கள். கணக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டதை வானிலைக்காக வாசிக்கிறார்கள். எழுதியவனின் நோக்கத்துக்குள் பதிவேடு அடைபட்டுக் கிடப்பதில்லை. ஆனால் இப்படி வாசிக்க வேண்டுமென்றால் ஏடு மிஞ்சியிருக்க வேண்டும், வாசிக்க அனுமதியும் இருக்க வேண்டும்.

3

கணிப்பொறிக்கும் தொடக்கத்தில் மனிதர்கள்தான் ஏடு எழுதினார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் இரண்டு இயந்திரத்தின் ஏட்டில், எழுபதாம் எண் ரிலேயில் அகப்பட்டிருந்த ஓர் அந்துப்பூச்சியை ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்தார்கள். மாலை 3.45 மணி என்ற குறிப்போடு அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோளாறைப் 'பூச்சி' என்று சொல்வது இங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அது சரியில்லை. எடிசன் 1878லேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சியைவிட அந்தப் பக்கம்தான் நமக்கு முக்கியம். இயந்திரத்துக்கு வெளியே நின்று, மனிதக் கை, காகிதத்தில் எழுதியது. சாட்சியும் பொருளும் வேறுவேறாக இருந்தன.

பிறகு இயந்திரமே எழுதத் தொடங்கியது. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பணம். ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் யார் எத்தனை வினாடி பயன்படுத்தினார்கள் என்று கணக்கு வைத்தால்தான் காசு வசூலிக்க முடியும். பின்னாளில் காவல் வேலை செய்யப் போகும் பதிவேடு முதலில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. 1980இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதிய அறிக்கை ஒன்று, இந்தத் தணிக்கைத் தடங்களை வைத்தே கணிப்பொறிக்குள் நுழைந்த அந்நியனைக் கண்டுபிடிக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது. கல்லா கண்காணிப்பாக மாறும் திருப்பம் இது.

இந்தத் திருப்பம் கதையாகவே நடந்தது 1986இல். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வானியல் படித்த கிளிஃபோர்டு ஸ்டோல் என்பவருக்குக் கணிப்பொறிக் கணக்கில் 75 சென்ட் ஏன் இடிக்கிறது என்று பார்க்கும் வேலை தரப்பட்டது. முக்கால் டாலர்தானே என்று விட்டிருக்கலாம். அங்கே இரண்டு கணக்கு நிரல்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று சொன்னதற்கும் மற்றது சொன்னதற்கும் இருந்த வித்தியாசம்தான் அந்த 75 சென்ட். நுழைந்தவன் உச்ச அதிகாரம் பெற்றிருந்தான். அவன் நினைத்தால் இயந்திரத்துக்குள் இருக்கும் எந்தப் பதிவையும் திருத்த முடியும். ஸ்டோல் செய்த காரியம் என்னவென்றால், அலுவலகங்களில் இருந்து அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் வாங்கிவந்து உள்ளே வரும் தொலைபேசித் தடங்களில் மாட்டினார். வந்தவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. அவனால் காகிதத்தைத் தொட முடியாது. கடைசியில் அவன் மேற்கு ஜெர்மனியின் ஹானோவரைச் சேர்ந்த மார்கஸ் ஹெஸ் என்பதும் திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டன என்பதும் தெரிந்தது. 1990இல் தண்டனை கிடைத்தது.

ஸ்டோல் கதையை உளவுக் கதையாகவே எல்லோரும் படித்தார்கள். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. ஒரு பதிவேட்டை நம்ப இன்னொரு பதிவேடு வேண்டியிருந்தது. அதுவும் முதலாவதின் எஜமானனால் தொட முடியாத இடத்தில் இருக்க வேண்டியிருந்தது.

4

எண்பதுகளின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் 'சென்ட்மெயில்' என்ற அஞ்சல் நிரலை எழுதினார். அதன் துணைக்கருவியாகப் பிறந்தது சிஸ்லாக். மற்ற நிரல்களும் அதையே பயன்படுத்தத் தொடங்கின. எழுதப்பட்ட விதி என்று எதுவும் இல்லாமலே அது யூனிக்ஸ் உலகம் முழுக்கப் பரவியது. நடைமுறை இப்படித்தான் இருக்கிறது என்று விவரிக்கும் ஆவணமே 2001இல்தான் வந்தது. முறையான தரநிலை 2009இல். இலக்கியம் கண்டு இலக்கணம் என்று நாம் சொல்வதில்லையா, அப்படி.

சிஸ்லாக் உலகத்தை எட்டு நிலைகளாகப் பிரித்தது. பூஜ்யம் என்றால் அவசரநிலை, இயந்திரமே பயன்படாத நிலை. ஏழு என்றால் நிரலாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் விவரம். நடுவே எச்சரிக்கை, பிழை, தகவல் என்று படிகள். ஒரு நிகழ்வு எந்தப் படியில் நிற்கிறது என்று முடிவு செய்வது அந்த நிரலை எழுதியவர். பல மாதங்களுக்கு முன் எங்கோ ஓர் அறையில் அவர் 'இது வெறும் தகவல்' என்று நினைத்திருந்தால் இன்று நம் இயந்திரத்தில் அது தகவல்தான். 'எச்சரிக்கைக்கு மேற்பட்டதை மட்டும் காட்டு' என்று நிர்வாகி வடிகட்டி வைத்திருந்தால் அது கண்ணிலேயே படாது. நிகழ்வைப் பதிவேடு அப்படியே பிரதிபலிக்கிறது என்று நினைக்கிறவர்கள் இந்த வகைப்பாட்டைக் கவனிக்க வேண்டும். பதிவதற்கு முன்பே தரம் பிரித்தாயிற்று.

சிஸ்லாக்குக்கு இன்னொரு குணம் உண்டு. ஓர் இயந்திரம் தன் பதிவை வலைவழியாக இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பலாம். பழைய முறையில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கம் இல்லை. அனுப்பியவர் யார் என்று சோதிக்கும் வழக்கமும் இல்லை. யார் பெயரில் வேண்டுமானாலும் யாரும் எழுதலாம். ஒருவரையொருவர் அறிந்த பல்கலைக்கழக வளாகத்தின் நம்பிக்கை அது. அந்த வளாகத்துக்கு வெளியே போனதும் அதுவே ஓட்டையாகிப் போனது.

5

விண்டோஸின் பதிவேடு வேறொரு வீட்டில் பிறந்தது. மைக்ரோசாஃப்ட் 1993 ஜூலையில் வெளியிட்ட விண்டோஸ் என்டி 3.1இல் ஈவென்ட் வியூவர் வந்தது. அமைப்பு, பயன்பாடு, பாதுகாப்பு என்று மூன்று ஏடுகள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எண்பதுகளில் வெளியிட்ட, அட்டையின் நிறத்தால் 'ஆரஞ்சுப் புத்தகம்' என்று அறியப்பட்ட விதிநூலில் 'சி-2' என்று ஒரு தரம் உண்டு. நாள், நேரம், பயனர், நிகழ்வின் வகை, வெற்றியா தோல்வியா என்பவை பதிவாக வேண்டும் என்று அது கேட்டது. பதிந்ததை வாசிக்கும் உரிமை அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே என்றும் சொன்னது. அரசுக்கு விற்க வேண்டுமென்றால் இந்தத் தரம் தேவை. என்டி 3.5 அதை 1995இல் பெற்றது, வலைத்தொடர்பு இல்லாத தனி இயந்திரமாக. இன்றும் சாதாரணப் பயனர் அமைப்பு ஏட்டையும் பயன்பாட்டு ஏட்டையும் திறந்து பார்க்கலாம். பாதுகாப்பு ஏடு திறக்காது. தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தானே படிக்க முடியாத நிலை ஏதோ தற்செயலாக வந்ததில்லை. விதியிலேயே இருக்கிறது.

இந்த ஏட்டின் உள்ளமைப்பு தமிழ் படித்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. கோப்பில் முழு வாக்கியம் எழுதப்படுவதில்லை. நிகழ்வுக்கு ஓர் எண், கூடவே அன்றைய குறிப்பான விவரங்கள், அதாவது ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு பிழை எண். அவ்வளவுதான். வாக்கியத்தின் அச்சு வேறொரு கோப்பில், அந்த நிரலுக்குரிய செய்திக் கோப்பில் இருக்கிறது. திறக்கும்போது இரண்டையும் சேர்த்து வாக்கியம் செய்துகாட்டப்படுகிறது. நூற்பா ஓரிடம், உரை வேறிடம். இதனால் ஒரே நிகழ்வை ஜெர்மன் இயந்திரம் ஜெர்மனில் சொல்லும், ஆங்கில இயந்திரம் ஆங்கிலத்தில் சொல்லும். அந்த நிரல் நிறுவப்படாத இன்னொரு இயந்திரத்துக்குக் கோப்பை எடுத்துப்போய்த் திறந்தால், இந்த எண்ணுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்ற பதில்தான் வரும். உரை தொலைந்த சூத்திரம் மாதிரி எண் மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதிவு இருக்கிறது என்பதும் படிக்க முடிகிறது என்பதும் ஒன்றல்ல. பதிவேட்டைச் சேமிக்கிறவர்கள் உரையையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும் என்பது இதில் இருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

ஏடு எவ்வளவு பெரியது? என்டி காலத்தில் இயல்பான அளவு 512 கிலோபைட். நிறைந்தால் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் தரப்பட்டன. தேவைப்படும்போது பழையதன் மேல் எழுது. ஏழு நாளுக்கு மேல் பழையதன் மேல் மட்டும் எழுது. எதையும் அழிக்காதே, மனிதன் வந்து துடைக்கட்டும். விஸ்டாவில் இருந்து கோப்பின் வடிவம் மாறியது, முதன்மை ஏடுகளின் இயல்பு அளவு 20 மெகாபைட் அளவுக்கு உயர்ந்தது, நிறைந்ததைத் தனிக்கோப்பாக எடுத்துவைக்கும் வழியும் சேர்ந்தது. மறதியின் வேகத்தை ஒரு பெட்டியில் எண்ணாகத் தட்டலாம். யாரும் தட்டாமல் விட்டால் நிறுவனம் தட்டிய எண்ணே நம் நினைவின் எல்லை. சித்திரகுப்தன் கணக்கில் இப்படி ஒரு வசதி இருந்ததாகத் தெரியவில்லை.

இதன் எதிர்முனையில் ஒரு கொடூரமான அமைப்பும் உண்டு. பாதுகாப்பு நிகழ்வைப் பதிய முடியாமல் போனால் இயந்திரத்தையே நிறுத்திவிடு என்று கட்டளையிடலாம். சாட்சி இல்லாமல் வேலை நடப்பதைவிட வேலை நின்றுபோவது மேல் என்ற ராணுவத் தர்க்கம். மின்சாரம் போய்ச் சட்டென்று அணைந்த இயந்திரம் மறுபடி எழுந்ததும் 6008 என்ற எண்ணில் ஒரு குறிப்பு எழுதும்: முந்தைய அணைப்பு எதிர்பாராதது என்று. தன் சாவைச் சாகும்போது எழுத முடியாது. பிழைத்து வந்துதான் எழுத முடியும்.

6

துடைப்பதற்கு வருவோம். பாதுகாப்பு ஏட்டைத் துடைத்தால் துடைத்த செயலே புதிய ஏட்டின் முதல் வரியாகப் பதிவாகும். பழைய பதிப்புகளில் 517, விஸ்டாவில் இருந்து 1102. யார் பெயரில் துடைக்கப்பட்டது என்பதும் இருக்கும். அழிப்புக்கே ஒரு சாட்சி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பெயரைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவிய நாட்பெட்யா அழிநிரல் தான் புகுந்த இயந்திரங்களில் ஏடுகளைத் துடைத்துவிட்டுத்தான் போனது.

ஏட்டை முழுசாகத் துடைக்காமல் ஒரு வரியை மட்டும் எடுத்துவிடும் கலையும் இருக்கிறது. அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவுடையவை என்று கருதப்படும் கருவிகளை 2017 ஏப்ரலில் 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற பெயரில் யாரோ வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று நிகழ்வுப் பதிவேட்டைத் திருத்தும் கருவி. நெதர்லாந்தின் ஃபாக்ஸ்-ஐடி நிறுவனம் அந்த ஆண்டு டிசம்பரில் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியது. வேண்டாத வரியை அது அழிப்பதில்லை. அதற்கு முந்தைய வரியின் நீளத்தைக் கூட்டிக் காட்டி, வேண்டாத வரியை அதன் வயிற்றுக்குள் அடக்கிவிடுகிறது. வாசிக்கும் கருவி தாண்டிப் போய்விடும். ஆனால் வரி உள்ளேயே கிடக்கிறது. தேடத் தெரிந்தால் எடுத்துவிடலாம். சுரண்டி எழுதிய பழைய தோல் ஏடுகளில் அடியெழுத்தைப் படிக்கிறார்களே, அதேதான். அடுத்தவன் பதிவேட்டை அரசுகள் எவ்வளவு சிரத்தையோடு வாசிக்கின்றன, எவ்வளவு சிரத்தையோடு திருத்தப் பார்க்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2021 டிசம்பரில் நடந்தது இன்னும் விசித்திரம். ஜாவா நிரல்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'லாக்ஃபோர்ஜே' என்ற பதிவுக் கருவியில் ஓட்டை இருப்பது வெளியே வந்தது. குறிப்பிட்ட வடிவில் ஒரு சரத்தை எங்காவது தட்டினால், அதைப் பதிவேட்டில் எழுதப்போன கருவி, எழுதுவதற்குப் பதில் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியே இருந்து நிரலைக் கொண்டுவந்து ஓட்டியது. குறிப்பெடுக்க வந்த குமாஸ்தா, சொன்னதைக் குறித்துக்கொள்ளாமல் சொன்னபடி செய்துவிட்டு வந்த கதை. பதிவு என்பது செயலுக்கு வெளியே நிற்கும் அப்பாவிச் சாட்சி என்ற நம்பிக்கைக்கு அத்தோடு அடி விழுந்தது.

வாசிக்கத் தெரியாதவர் முன்னால் இந்த ஏட்டைத் திறந்துவைத்தும் ஏமாற்றலாம். கணிப்பொறி உதவி மையம் என்று சொல்லிக்கொண்டு தொலைபேசியில் அழைப்பார்கள். ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். நல்ல ஆரோக்கியமான இயந்திரத்திலும் சிவப்புப் பிழைகளும் மஞ்சள் எச்சரிக்கைகளும் நூற்றுக்கணக்கில் இருக்கும். பார்த்தீர்களா, வைரஸ் என்பார்கள். பயந்தவர் பணம் கட்டுவார். இப்படிப்பட்ட கும்பல்கள் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2012 அக்டோபரில் நடவடிக்கை எடுத்தபோது அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் இருந்து இயங்கியவை என்று தெரிவித்தது. ஏட்டில் இருந்தது பொய்யில்லை. வாசிப்புதான் மோசடி.

7

இதெல்லாம் தொழில்நுட்ப வேடிக்கை என்று விட்டுவிட முடியாது. பிரிட்டனின் அஞ்சல் நிலையங்களில் 1999இல் இருந்து 'ஹொரைசன்' என்ற கணக்கு அமைப்பு புகுத்தப்பட்டது. நடத்தியது ஃபுஜிட்சு நிறுவனம். கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் திரையில் வந்த கணக்குக்கும் இடித்தது. இங்கேயும் கணக்கு இடித்ததுதான் தொடக்கம். ஆனால் தேடிப்போக ஒரு ஸ்டோல் கிடைக்கவில்லை. குறைந்த பணத்தைக் கட்டு, இல்லையென்றால் வழக்கு என்றார்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலான வழக்குகளை அஞ்சல் நிறுவனமே தொடுத்தது. 2010இல் கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண்ணும் சிறைக்குப் போனார். வீடு போனவர்கள், ஊராரால் திருடர் என்று தூற்றப்பட்டவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

அஞ்சலக நடத்துநர்களுக்குத் தெரிந்தது திரையில் காட்டப்பட்ட கணக்கு மட்டும். ஒவ்வொரு விசைத்தட்டும் பதிவான முழு ஏடு ஃபுஜிட்சுவிடம் இருந்தது. அதைக் கேட்டுப் பெறும் வழி அஞ்சல் நிறுவனத்திடம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் இல்லை. தெரிந்த கோளாறுகளின் பட்டியலே ஃபுஜிட்சுவில் தனியாக ஒரு பதிவேடாக இருந்தது. அதுவும் நடத்துநர்களுக்குக் காட்டப்படவில்லை. வெளியே இருந்து யாரும் கிளையின் கணக்கில் கைவைக்க முடியாது என்று பல ஆண்டுகள் சாதித்தார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தந்த தீர்ப்பு அதை உடைத்தது. ஃபுஜிட்சு ஊழியர்களால் தூரத்தில் இருந்தே பரிவர்த்தனைகளைச் செருக முடியும் என்றும், கிளையிலேயே நடந்ததுபோலத் தோன்றும் விதத்தில் செருக முடிந்தது என்றும் அது கண்டறிந்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் ரத்தாயின. மற்ற பலரின் தண்டனைகளை 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு ரத்து செய்தது.

இதற்குச் சட்டமும் வழிவிட்டது. பிரிட்டனின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கணிப்பொறிப் பதிவைச் சாட்சியமாக வைப்பவர் அந்த இயந்திரம் ஒழுங்காக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்றது. நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று 1999இல் அதை நீக்கினார்கள். அதன்பிறகு இயந்திரம் சரியாகத்தான் இயங்கியது என்பது அனுமானம் ஆயிற்று. இல்லையென்று சொல்கிறவர்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் இருக்கும் ஏடோ எதிராளியின் பெட்டியில்.

8

இங்கே நம் நிலைமை என்ன? 2000இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் வேண்டும் என்றது அது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது. பதிவின் கணித முத்திரையையும் சான்றிதழில் குறிப்பிட வேண்டும். கொடுத்த பிறகு கோப்பு மாறவில்லை என்பதற்கு முத்திரை உதவும். கொடுப்பதற்கு முன் அதில் யார் எழுதினார்கள் என்பதை முத்திரை சொல்லாது. மைய அரசின் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் பதிவேடுகளை 180 நாட்களுக்கு இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும் என்றது. இயந்திரக் கடிகாரங்களை அரசுக் கடிகாரத்தோடு ஒத்திசைக்கவும் சொன்னது. எழுது, வை, அரசு கேட்டால் கொடு. யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அந்த ஆளுக்குக் கொடு என்று அதில் இல்லை.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சாமி பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதானார். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், காவலில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய கணிப்பொறியின் பிரதியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2022 டிசம்பரில் ஓர் அறிக்கை தந்தது. வெளியில் இருந்து நுழைந்தவர்கள் அவரது இயந்திரத்தில் கோப்புகளை வைத்தார்கள் என்றும், 2019 ஜூன் 12 அன்று காவல்துறை இயந்திரத்தைக் கைப்பற்றியதற்கு முந்தைய நாள் தடயங்களைத் துடைக்கும் வேலை நடந்தது என்றும் அது சொல்கிறது. ஆர்சனலின் முடிவுகளை அரசுத் தரப்பு ஏற்கவில்லை. நீதிமன்ற விசாரணையில்தான் அவை நிறுவப்பட வேண்டும். நாம் இங்கே கவனிப்பது வேறு. இயந்திரத்துக்குள் கிடந்த தடயங்களைப் படிக்க அவர் தரப்புக்கு ஓர் ஆள் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

'பதிவே வேண்டாம், அது கண்காணிப்பு' என்று சொல்வது சுலபம். ஹொரைசன் வழக்கைப் பார்த்தபிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. அந்த மனிதர்களைக் கடைசியில் விடுவித்ததிலும் பதிவேடுகளுக்குப் பங்கு உண்டு. பதிவேடு எளியவர்களுக்கும் தேவை. அவர்களுக்கு இல்லாமல் போவது அதைத் திறக்கும் உரிமைதான்.

ஆகவே நிர்வாகம் என்று கையேடுகள் சொல்வதை நாம் வேறுவிதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. இயந்திரத்தின் உச்ச அதிகாரியால் தொட முடியாத இன்னோர் இடத்துக்குப் பதிவு உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும். அதற்கு இன்று வசதி இருக்கிறது. லினக்ஸ் ஜர்னலில் 2012இல் இருந்தே, பழைய பதிவைப் பின்னால் திருத்தினால் காட்டிக்கொடுக்கும் முத்திரை முறையும் இருக்கிறது. சரிபார்க்கும் சாவியை இயந்திரத்துக்கு வெளியே வைக்க வேண்டும். எத்தனை நாள் வைத்திருப்பது என்ற எண்ணை நிறுவனத்தின் இயல்புத் தேர்வுக்கு விடாமல், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். எண்களுக்கான உரை, அதாவது எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற அகராதி, பதிவோடு சேர்த்தே தரப்பட வேண்டும். ஒருவர்மேல் பதிவேட்டை வைத்துக் குற்றம் சாட்டினால், அந்த வரியை மட்டும் வெட்டித் தராமல், முன்னும் பின்னும் உள்ள முழு ஏட்டையும், அந்த அமைப்பின் தெரிந்த கோளாறுகளின் பட்டியலையும் அவருக்குத் தர வேண்டும். இயந்திரம் சரியாக இயங்கியது என்று காட்டும் சுமை பதிவேட்டை வைத்திருப்பவரிடம் இருக்க வேண்டும்.

ரேஷன் கடையின் விரல்ரேகைக் கருவியும் அலுவலக வாசலின் வருகைக் கருவியும் இப்போது நம்மைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கின்றன. ரேகை ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் கிழவிக்கு அந்த வரி எங்கே பதிவாகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா? இதைக் கேட்க வேண்டியவர்கள் கணிப்பொறிக்காரர்கள் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை.